வயலை விட்டு வெளியேறும் தழைச்சத்து

புவியின் சுற்றுச்சூழல் சிக்கல்களைப் பேசும் நூல்கள் பெரும்பாலும் அவற்றைத் தனித்தனி இயல்களாகப் பிரித்தே விளக்குகின்றன. வெப்பநிலை உயர்வு ஓர் இயலிலும் ஓசோன் படலத்தின் தேய்வு இன்னோர் இயலிலும் இடம்பெற, காற்று மாசு, நிலத்தடி நீரின் கேடு, கடல்வாழ் உயிர்களின் அழிவு, தாவர இனங்களின் குறைவு ஆகியவை வேறு வேறு இயல்களுக்குப் போய்விடுகின்றன. படிப்பவரின் வசதிக்காகச் செய்யப்படும் இப்பிரிவினை, ஒவ்வொரு சிக்கலுக்கும் தனிக் காரணமும் தனித் தீர்வும் உண்டு என்ற எண்ணத்தையும் கூடவே விதைத்துவிடுகிறது. ஆனால் மேற்சொன்ன ஆறு இயல்களிலும் தவறாமல் தலைகாட்டும் தனிமம் ஒன்று உண்டு. வேதியியலார் அதனை நைட்ரஜன் என்பர். பயிரின் தழையைச் செழிக்கச் செய்வதால் தமிழ் உழவர் அதனைத் தழைச்சத்து என்பர். கரியைப் போல இது வெறும் எரிபொருளின் எச்சமன்று. உண்ணும் சோற்றிலும் பருப்பிலும் உடலின் தசையிலும் இருப்பது. ஆகவே இதனால் விளையும் கேட்டை ஆராய்வது, உணவு எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்வதிலிருந்து பிரிக்க முடியாததாகிறது.

நிறைந்திருந்தும் கிடைக்காத பொருள்

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜனே. ஆயினும் அந்த நைட்ரஜனைப் பயிர் நேரடியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. ஏனெனில் காற்றில் அது தனி அணுவாக இல்லாமல், இரண்டிரண்டு அணுக்கள் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்ட மூலக்கூறாகவே இருக்கிறது. இயற்கையில் காணப்படும் மிக வலிய வேதிப் பிணைப்புகளுள் ஒன்றான இந்த முப்பிணைப்பை அறுத்து, நைட்ரஜனை ஐதரசனுடனோ ஆக்சிஜனுடனோ சேர்த்து, அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ மாற்றினால்தான் வேர் அதனை உறிஞ்சும். இவ்வாறு மாற்றுவதற்கு நைட்ரஜன் நிலைப்படுத்தல் என்று பெயர். மாற்றப்பட்டு உயிர்களோடு வினைபுரியக்கூடிய நிலையை அடைந்த நைட்ரஜனை வினைத்திறன் நைட்ரஜன் எனலாம்.

மனிதர் தலையிடாத காலத்தில் இவ்வேலையை இருவரே செய்துவந்தனர். ஒன்று மின்னல், அதன் கடும் வெப்பத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணைந்து மழையோடு மண்ணில் இறங்குகின்றன. மற்றொன்று நுண்ணுயிர்கள், அளவில் மின்னலைவிட இவற்றின் பங்கே பெரிது. உளுந்துச் செடி ஒன்றைப் பூக்கும் தறுவாயில் மண் உதிராமல் பிடுங்கிப் பார்த்தால், வேரில் கடுகளவிலும் மிளகளவிலும் முடிச்சுகள் ஒட்டியிருப்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்றை நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். அந்நிறத்துக்குக் காரணம், மனிதக் குருதியிலுள்ள ஈமோகுளோபினுக்கு நெருங்கிய உறவான ஒரு புரதம். முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவின் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் இயல்புடையதாதலால், ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கும் காவலாளாக அப்புரதம் இயங்குகிறது. முடிச்சின் உள்ளே சிவப்பு இருந்தால் அது வேலை செய்கிறது என்றும், வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது என்றும் அறியலாம். வேர்முடிச்சுகளின் இப்பணியை ஜெர்மானிய அறிஞர்களான ஹெல்ரீகல், வில்ஃபார்த் ஆகியோர் 1880களில் ஆய்வு வழி நிறுவினர்.

காரணம் அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே பயனை உழவர்கள் அறிந்திருந்தனர். காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்குச் சில நாள் முன்னதாக, நிற்கும் பயிரினூடே உளுந்தையோ பச்சைப்பயறையோ விதைத்துவிடுவதும், தக்கைப்பூண்டு, சணப்பை, கொளுஞ்சி ஆகியவற்றை வளர்த்துப் பூக்கும் முன் மடக்கி உழுவதும், தரிசில் ஆட்டுக்கிடை போடுவதும், ஏரி வண்டலை அள்ளி வயலில் இறைப்பதும் தழைச்சத்தை நிலத்துக்கு மீட்கும் வழிகளே. இம்முறைகளில் சேர்வது மெல்லச் சேரும். சேர்ந்ததும் மெல்லவே கரையும். மண்ணுக்குள் வருவதும் மண்ணிலிருந்து காற்றுக்குத் திரும்புவதும் ஏறத்தாழச் சமமாக இருந்த ஒரு சுழற்சி அது.

காற்றிலிருந்து உரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சுழற்சியின் எல்லை ஐரோப்பாவில் உணரப்பட்டது. பெரு நாட்டின் தீவுகளில் குவிந்திருந்த கடற்பறவை எச்சமும், சிலியின் பாலைவனத்தில் வெட்டியெடுக்கப்பட்ட வெடியுப்பும் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகி ஐரோப்பிய வயல்களுக்கு உரமாயின. இவ்விருப்பு தீர்ந்தால் கோதுமை உண்ணும் மக்கள் பட்டினியைச் சந்திக்க நேரும் என்றும், காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தும் வழியைக் கண்டறிவது வேதியியலாரின் கடமை என்றும் 1898இல் பிரிஸ்டல் நகரில் ஆற்றிய தலைமையுரையில் ஆங்கில வேதியியலார் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார்.

அவ்வழியை ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தார். இரும்பு வினையூக்கியின் துணையோடு, 400 முதல் 500 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் வளிமண்டல அழுத்தத்தைப்போல் நூற்றைம்பது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்திலும் நைட்ரஜனும் ஐதரசனும் இணைந்து அம்மோனியாவாகின்றன. இதனைத் தொழிற்சாலை அளவுக்குக் கார்ல் பாஷ் உயர்த்த, 1913இல் ஓப்பாவ் ஆலையில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே மூண்ட முதல் உலகப் போரில் அதே அம்மோனியா வெடிமருந்தாகவும் மாறியது வரலாற்றின் இன்னொரு பக்கம். ஹேபருக்கு 1918ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும், பாஷுக்கு 1931இல் அதே பரிசும் கிடைத்தன.

1900இல் ஏறத்தாழ 160 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை, 2022இல் 800 கோடியைத் தொட்டதற்கு மருத்துவமும் பாசனமும் வீரிய ரகங்களும் காரணமானாற்போலவே இந்த அம்மோனியாவும் காரணம். இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு, தொழிற்சாலையில் நிலைப்படுத்தப்பட்ட நைட்ரஜனையே நம்பி விளைகிறது என்பது அறிஞர்களின் மதிப்பீடு. உரமாக மட்டும் ஆண்டுதோறும் 10 கோடி டன்னுக்கு மேற்பட்ட நைட்ரஜன் நிலத்தில் இடப்படுகிறது. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.5 கோடி டன் யூரியா செலவாகிறது. இவ்வளவையும் உருவாக்கத் தேவைப்படும் ஐதரசன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் பிரித்தெடுக்கப்படுவதால், உலகின் மொத்த ஆற்றல் நுகர்வில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு அம்மோனியாவுக்கே போகிறது. ஆகவே மூட்டை வயலுக்கு வந்து சேரும் முன்பே கரியமில வாயுவாக ஒரு பங்குக் கடன் அதன் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆனால் பெரிய செலவு வயலுக்கு வந்த பிறகே தொடங்குகிறது.

ஒரு மூட்டை யூரியாவின் கணக்கு

யூரியாவின் எடையில் 46 விழுக்காடு நைட்ரஜன். எனவே 45 கிலோ மூட்டை ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து. அதனைத் தேங்கிய நீர் நிற்கும் நெல் வயலில் மேலுரமாகக் கைவீச்சில் இறைத்தால், பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட அளவே. அதாவது மூட்டைக்கு ஏழு முதல் பத்துக் கிலோ. எஞ்சியதில் ஒரு பகுதி மண்ணின் மட்கில் தங்க, மற்றது வயலை விட்டு வெளியேறிவிடுகிறது. வெளியேறும் வழிகள் மூன்று.

முதல் வழி காற்று. மண்ணிலும் நீரிலும் இருக்கும் யூரியேஸ் என்ற நொதி, ஓரிரு நாள்களிலேயே யூரியாவை உடைத்து அம்மோனியம் அயனியாக மாற்றத் தொடங்குகிறது. நெல் வயலின் நீரில் மிதக்கும் பாசிகள் நண்பகல் வெயிலில் ஒளிச்சேர்க்கைக்காக நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால், நீரின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை ஏறுகிறது; அக்காரத்தில் அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறிப் பறந்துவிடுகிறது. அதே நீர் இரவில் மறுபடியும் காரம் குறைந்து அடங்குகிறது. உச்சி வெயிலில் தேங்கிய நீரின்மேல் இறைக்கப்படும் யூரியா கூடுதலாக வீணாவதன் காரணம் இதுதான்.

இரண்டாம் வழி நிலத்தடி. அம்மோனியத்தை மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், இன்னொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. நேர்மின்னூட்டம் கொண்ட அம்மோனியத்தை அவை பிடித்துவைத்துக்கொள்ளும், எதிர்மின்னூட்டம் கொண்ட நைட்ரேட்டையோ விலக்கித் தள்ளும். ஆகவே நைட்ரேட் பாசன நீரோடும் மழைநீரோடும் வேருக்குக் கீழே இறங்கி, கிணறுகளையும் ஆழ்துளைக் குழாய்களையும் அடைகிறது.

மூன்றாம் வழி நுட்பமானது. நெல் வயலின் சேற்றில் மேற்பரப்பின் சில மில்லிமீட்டர் அளவுக்கே ஆக்சிஜன் புகும். அதன் கீழே ஆக்சிஜனற்ற கருஞ்சேறு. மேலடுக்கில் உருவான நைட்ரேட் கீழடுக்குக்கு நழுவியதும், அங்குள்ள பாக்டீரியாக்கள் மூச்சுவிட ஆக்சிஜன் இல்லாத நிலையில் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன. நைட்ரேட் நீக்கம் எனப்படும் இவ்வினை நிறைவடைந்தால், கிடைப்பது காற்றில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் தீங்கற்ற நைட்ரஜன் வாயு. இடையிலேயே நின்றுபோனால் கிடைப்பது நைட்ரஸ் ஆக்சைடு. பல் மருத்துவத்தில் சிரிப்பூட்டும் வாயு என்று அறியப்படும் இவ்வாயு, வளிமண்டலத்தில் வேறொரு முகம் கொள்வதைப் பின்னர் காணலாம்.

கிணறு முதல் கடல் வரை

குடிநீரில் நைட்ரேட்டின் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்போகக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். நாட்டின் நிலத்தடி நீர் மாதிரிகளை ஆராய்ந்து நடுவண் நிலத்தடி நீர் வாரியம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாதிரி இவ்வெல்லையைத் தாண்டியிருந்தது. இராஜஸ்தான், கர்நாடகம், தமிழ்நாடு ஆகியவை அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலங்களுள் அடங்கும். உரம் மட்டுமன்றி, கசியும் கழிவுநீர்த் தொட்டிகளும் கால்நடைக் கழிவும் இதற்குக் காரணம். நைட்ரேட் மிகுந்த நீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தையின் உடலில் அது நைட்ரைட்டாக மாறி, குருதியின் ஈமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவுக்கு மாற்றிவிட, குழந்தையின் உதடும் விரல்நுனியும் நீலம் பாய்கின்றன. 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் இந்நோய்க்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் எழுதினார்.

குளங்களிலும் ஏரிகளிலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்ந்து மிகும்போது நேர்வது ஊட்டமிகை எனப்படும். பெயர் நல்லதுபோல ஒலித்தாலும் விளைவு நேர்மாறானது. நகரங்களின் ஓரத்துக் குளங்களை ஆகாயத்தாமரை மூடிக்கிடப்பது அந்த நீர் பசியோடு இல்லை, அளவுக்கு மீறி உண்டிருக்கிறது என்பதன் அடையாளம். நன்னீர் நிலைகளில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் பாஸ்பரசும், கடலோர நீரில் பெரும்பாலும் நைட்ரஜனும் கட்டுப்படுத்துகின்றன என்பதால், ஆறுகள் கொண்டுசேர்க்கும் நைட்ரேட்டின் முழு விளைவு கழிமுகத்துக்கு அப்பாலேயே தெரியவருகிறது. அங்கே நுண்பாசிகள் கட்டின்றிப் பெருகி, மடிந்து, அடியில் படிகின்றன. அவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மேலே மிதக்கும் இளஞ்சூடான நன்னீர் அடுக்கு மூடிபோல் நின்று, புதிய ஆக்சிஜன் கீழே இறங்காமல் தடுக்கிறது. ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீந்தத் தெரிந்த மீன் விலகிவிடும். நண்டும் சிப்பியும் புழுவும் இருந்த இடத்திலேயே சாகும். இத்தகைய பரப்புகள் இறந்த மண்டலங்கள் எனப்படுகின்றன.

இவற்றுள் பெயர்பெற்றது, அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களை வடித்துவரும் மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்குமிடத்தில் ஒவ்வொரு கோடையிலும் தோன்றுவது. 2017இல் அதன் பரப்பு ஏறத்தாழ 22,700 சதுர கி.மீ. ஆக அளக்கப்பட்டது. உலகில் 400க்கு மேற்பட்ட கடலோரப் பகுதிகள் இந்நிலையை அடைந்திருப்பதாக 2008இல் ஆய்வாளர்களான ராபர்ட் டியாஸ், ரட்கர் ரோசன்பெர்க் ஆகியோர் தொகுத்துரைத்தனர். தமிழகக் கடலில், 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவின் நீர், மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் நாக்டிலூக்கா என்ற ஒற்றைச்செல் உயிரியின் பெருக்கத்தால் பச்சையாக மாறி, மீன்கள் செத்து ஒதுங்கின. இத்தகைய பெருக்கத்துக்குக் காற்றும் நீரோட்டமும் பருவமும் கூடிய பல காரணங்கள் உண்டாதலால் அதனை உரத்தின் தலையில் மட்டும் கட்டுவது பிழை. எனினும் ஆக்சிஜன் குறைந்த கடல் எப்படியிருக்கும் என்பதைக் கரையிலிருந்தவர்கள் கண்ணால் கண்டனர்.

துகளும் வெப்பமும் ஓசோனும்

வயலிலிருந்தும் மாட்டுத் தொழுவத்திலிருந்தும் எழும் அம்மோனியா காற்றில் நீண்ட நேரம் தனித்திருப்பதில்லை. வாகனங்களும் அனல்மின் நிலையங்களும் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கந்தக டைஆக்சைடும் காற்றில் நைட்ரிக் அமிலமாகவும் கந்தக அமிலமாகவும் மாற, அம்மோனியா அவற்றோடு கூடி நுண்ணிய உப்புத் துகள்களாகிறது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அத்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை போய்ச் சேர்பவை. நகரத்தின் புகைமூட்டத்தில் நாட்டுப்புற வயலுக்கும் ஒரு பங்கு இருப்பது இவ்வாறே. அமிலம் மழையோடு இறங்கினால் அதுவே அமில மழை.

நைட்ரஸ் ஆக்சைடின் போக்கு வேறு. எளிதில் எதனோடும் வினைபுரியாத அவ்வாயு ஏறத்தாழ 110 ஆண்டுகள் வளிமண்டலத்தில் நிலைத்து நின்று, நூறாண்டுக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் நூறு கோடிப் பங்கு காற்றில் ஏறத்தாழ 270 பங்காக இருந்த அதன் அளவு, இன்று 335ஐத் தாண்டிவிட்டது. மனிதச் செயல்களால் வெளியேறும் பகுதியில் பெரும்பங்கு வேளாண்மையிலிருந்தே வருகிறது.

நீண்ட ஆயுளின் பயனாக அவ்வாயு அடுக்கு மண்டலம் எனப்படும் உயர்ந்த காற்றடுக்கு வரை ஏறிச் செல்கிறது. அங்கே ஆக்சிஜன் அணுக்களோடு மோதி நைட்ரிக் ஆக்சைடாக மாறி, ஓசோன் மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைக்கிறது. சிதைத்த பின்னும் தான் அழியாமல் அடுத்த மூலக்கூறுக்குப் போகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகளின் இவ்வினையை 1970இல் விளக்கிய பால் குருட்சன், 1995இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோ கார்பன்களை 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்பாடு வெற்றிகரமாகக் கட்டுப்படுத்தியது. அவை அடங்கிய பிறகு, ஓசோனைத் தேய்க்கும் பொருள்களுள் இந்நூற்றாண்டில் மனிதர் மிகுதியாக வெளியிடுவது நைட்ரஸ் ஆக்சைடே என்று இந்தியாவில் பிறந்த அறிவியலாளர் ஏ.ஆர். ரவிசங்கரா குழுவினர் 2009இல் எடுத்துக்காட்டினர். மாண்ட்ரியல் உடன்பாட்டின் பட்டியலில் அவ்வாயு இல்லை. பதனப் பெட்டிக்கு மாற்று வாயு தேட முடிந்தது; சோற்றுக்கு மாற்று தேட முடியாது என்பது இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

காற்றிலிருந்து மறுபடி நிலத்தில் படியும் நைட்ரஜனால் உரமே இடப்படாத காடும் புல்வெளியும்கூட மாறுகின்றன. அம்மாற்றம் எத்தகையது என்பதை இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856 முதல் இடைவிடாது நடந்துவரும் புல்வெளிச் சோதனையில் நேராகக் காணலாம். உரமிடாத பாத்திகளில் இன்றும் புல்லும் பூஞ்செடியும் பயறினமுமாக முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்து நிற்கின்றன. ஆண்டுதோறும் அம்மோனியம் உப்பு மிகுதியாக இடப்பட்டு, மண்ணின் அமிலம் தணிக்கப்படாமல் விடப்பட்ட பாத்திகளிலோ, ஒன்றிரண்டு புல்லினங்களே எஞ்சியுள்ளன. வறிய மண்ணில் வாழப் பழகிய செடிகளை, கொழுத்த மண்ணில் விரைந்து வளரும் புற்கள் நிழலால் கொன்றுவிட்டன. பக்கத்துப் பக்கத்துப் பாத்திகள். மேலே விழும் மழையும் வெயிலும் ஒன்றே.

இவ்வாறு ஒரே நைட்ரஜன் அணு முதலில் அம்மோனியாவாகப் பறந்து துகளாகி, மழையோடு காட்டில் இறங்கி, ஓடைவழி கடலை அடைந்து, அங்கிருந்து நைட்ரஸ் ஆக்சைடாக மேலேறலாம். போகுமிடமெல்லாம் ஒரு விளைவை விட்டுச் செல்கிறது. அமெரிக்க அறிவியலாளர் ஜேம்ஸ் கேலோவே இதற்கு நைட்ரஜன் அருவி என்று பெயரிட்டு விளக்கினார். புவி தாங்கக்கூடிய எல்லைகளை ஒன்பது துறைகளில் வகுத்த அறிஞர் குழுவினர், 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டில் ஆறு எல்லைகள் மீறப்பட்டுவிட்டதாகக் கூறினர். நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஓட்டம் அந்த ஆறில் ஒன்று.

நிறுத்துவதும் நிதானிப்பதும்

கேடு இவ்வளவு என்றால் உரத்தை அடியோடு நிறுத்திவிடலாமே என்ற கேள்வி இயல்பானது. அதற்கு இலங்கையின் பட்டறிவு விடை சொல்கிறது. 2021 மே மாதத்தில் அந்நாட்டு அரசு வேதியுர இறக்குமதிக்கு ஒரே அறிவிப்பில் தடை விதித்தது. மாற்று உரம் போதிய அளவில் இல்லாமலும், உழவர்களுக்கு மாறிக்கொள்ள அவகாசம் இல்லாமலும் போனதால் பெரும்போக நெல் விளைச்சல் வெகுவாகச் சரிந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. நவம்பர் மாதத்துக்குள் தடை தளர்த்தப்பட்டபோதிலும், இழந்த பருவத்தை மீட்க முடியவில்லை. 2030க்குள் வீணாகும் நைட்ரஜனைப் பாதியாகக் குறைப்பது என்ற கொழும்புப் பிரகடனம் 2019 அக்டோபரில் அதே நாட்டின் கொழும்பு நகரில்தான் வெளியிடப்பட்டது. அப்பிரகடனம் குறைக்கச் சொன்னது வீணாவதை. தடை குறைத்ததோ இடுவதை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டால் என்ன நேரும் என்பதே அந்த ஓராண்டு காட்டிய பாடம்.

வீணாவதைக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. டென்மார்க், 1987இல் தொடங்கிய செயல்திட்டங்களின் வழியே சாணத்தைச் சேமித்துக் காலமறிந்து இடுவதையும் பண்ணைதோறும் உரக்கணக்கு எழுதுவதையும் கட்டாயமாக்கி, வேரடியிலிருந்து கசியும் நைட்ரேட்டை ஏறத்தாழப் பாதியாக்கியது. விளைச்சல் அதனால் வீழ்ந்துவிடவில்லை. கருங்கடலின் வடமேற்குப் பகுதியில் பரந்திருந்த இறந்த மண்டலம், 1990களில் சோவியத் அமைப்பு குலைந்து உரப் பயன்பாடு சரிந்தபோது மெல்ல மீண்டது. அது திட்டமிட்ட மீட்சி அன்று, பொருளாதாரச் சரிவின் துணைவிளைவே. ஆயினும் வரத்து குறைந்தால் கடல் தேறும் என்பதை அது மெய்ப்பித்தது.

இந்தியாவில் 2015 முதல் உள்நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயமாக்கப்பட்டது. வேம்பின் கசப்புப் பொருள்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களைத் தாமதப்படுத்துவதால், சத்து பயிருக்கு எட்டும் காலம் சற்று நீள்கிறது. அடியுரமாக ஒரேயடியாகக் கொட்டாமல், தூர் கட்டும் பருவத்திலும் கதிர் உருவாகும் பருவத்திலும் பிரித்து இடுவதும் அதே நோக்கம் கொண்டது. எனினும் ஒவ்வொரு தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் நெல் வயல் வெளிவிடும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறைகிறது. ஆனால் ஈரமும் உலர்வும் மாறிமாறி வருவது நைட்ரஸ் ஆக்சைடைக் கூட்டக்கூடும். ஆகவே நீரை மட்டும் கவனித்து உரத்தைக் கவனியாமல் விடுவது ஒரு வாயுவை விரட்டி இன்னொன்றை அழைப்பதாகும். மானிய விலையில் யூரியா மட்டும் மலிவாகவும் மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) உரங்கள் விலை கூடியும் கிடைக்கும்வரை, உழவர் யூரியாவின் பக்கம் சாய்வதை அறியாமை என்று சொல்லிவிட முடியாது. அது விலைப்பட்டியல் காட்டும் வழி.

வயலுக்கு வெளியேயும் செய்ய வேண்டியது உண்டு. கோரையும் சம்பும் மண்டிய சதுப்பின் கருஞ்சேறு, நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கித் திருப்பி அனுப்பும் பெரும் வாயில். பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியை 2022இல் பெற்ற, சென்னையின் பள்ளிக்கரணை போன்ற சதுப்புகளின் பெரும்பகுதி கட்டடங்களாகவும் குப்பைமேடாகவும் மாறியபோது, பறவைகள் இடமிழந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அந்த வாயில் அடைபட்டது தெரியவில்லை. நகரக் கழிவுநீரில் போய்ச் சேரும் நைட்ரஜனும் வயலிலிருந்து உணவாக வந்ததே. அதனைப் பிரித்தெடுத்து மீண்டும் உரமாக்குவதும், சமைத்த உணவு குப்பைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் புதிதாக நிலைப்படுத்த வேண்டிய அளவைக் குறைக்கும். பயறு வகைகளைப் பயிர்ச்சுழற்சியில் மறுபடி சேர்ப்பதும் அவ்வாறே. வேர்முடிச்சுகள் மட்டுமே 800 கோடிப் பேருக்குச் சோறு போட்டுவிடா. ஆனால் அவை ஈட்டித்தரும் ஒவ்வொரு கிலோவும் ஆலையில் உருவாக்க வேண்டாத ஒரு கிலோ.

இத்தனை பெரிய சுழற்சியின் திருகு எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது பல நேரங்களில் மிகச் சிறிய பொருளாக இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் இலை வண்ண அட்டை, வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட ஒரு கையடக்கத் தகடு. நாற்று நட்ட பதினான்காம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே, தன் நிழல் இலைமேல் விழும்படி நின்றுகொண்டு, நோயற்ற பத்துக் குத்துகளில் முழுதாக விரிந்த மேலிலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெள்ளைப் பொன்னி என்றால் மூன்றாம் பட்டையும், மற்ற ரகங்களுக்கு நான்காம் பட்டையும் அளவுகோல். பத்தில் ஆறு இலைகளாவது அதைவிட வெளிறியிருந்தால் மட்டும் மேலுரம். இல்லையென்றால் அந்த வாரம் யூரியா மூட்டை பிரிக்கப்படுவதில்லை. கிணற்றுக்கும் கடலுக்கும் ஓசோன் படலத்துக்கும் போயிருக்கக்கூடிய சில கிலோ தழைச்சத்து, அந்த வாரம் கட்டவிழாத சாக்கிலேயே இருந்துவிடுகிறது.